பொட்டு வைத்த பட்டன்

ஜூன் 10, திங்கள்

இன்று முதல் நாட்குறிப்பு எழுதுகிறேன். சாத்தூர் உரக்கடைக்காரர் தை மாதமே கொடுத்த டைரி இது. ஆறு மாதம் சும்மா கிடந்ததற்குக் காரணம் நேரமின்மை. வைப்பாறு பல்கலைக்கழகத்தையே தலையில் சுமக்கிறவனுக்கு நேரம் ஏது?

எழுதச் சொன்னது என் அக்கா மகள் பேச்சியம்மாள். மேற்படி பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத் துறை உதவிப் பேராசிரியர். பிறவியிலேயே கண் தெரியாது. தினமும் காலையில் அவளைப் பஸ்ஸில் கூட்டிப்போய், சாயங்காலம் கூட்டி வருகிற பொறுப்பு தாய்மாமனாகிய எனக்கு. உண்மையில் அவள் கம்பைத் தட்டிக்கொண்டு மதுரை, திருச்சி, ஒருதடவை டெல்லி வரைக்கும் தனியாகவே போய் வந்தவள். இருந்தாலும் ஆள் ஒருவன் கூடப் போனால் அதற்கு ஒரு மதிப்பு உண்டல்லவா.

"மாமா, நீங்க வாயால சொல்றதெல்லாம் காத்தோட போயிருது. எழுதி வைங்க. பிற்காலத்துல மூல ஆதாரமா இருக்கும்" என்றாள்.

"அப்படியா தாயி?"

"ஆமா. எது உண்மை, எது புளுகுன்னு பிரிக்கிறதுக்கே நாலு பேருக்கு டாக்டர் பட்டம் குடுக்கலாம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் விஷயம் சரியானது.

என் பெயர் வெயிலுமுத்து. படிப்பு பத்தாம் வகுப்பு. பாஸா ஃபெயிலா என்பது இந்த வரலாற்றுக்குத் தேவையில்லை.

ஜூன் 11, செவ்வாய்

பல்கலைக்கழகத்தில் புது போர்ட்டல் வந்துவிட்டது. லீவு கேட்பது, வருகைப் பதிவு, பதவி உயர்வுக்கு மனுப்போடுவது எல்லாம் இனி அதில்தான். பழைய போர்ட்டலை நேற்றோடு மூடிவிட்டார்கள். என்னிடம் கேட்காமலேயே மூடிவிட்டார்கள் என்பதைப் பதிவு செய்கிறேன்.

பேச்சியின் கம்ப்யூட்டருக்குள் ஒரு பொம்பளைக் குரல் இருக்கிறது. திரையில் இருக்கிற எழுத்தை எல்லாம் வாசித்துக் காட்டும். மூச்சு விடாமல் பேசுவதால் அவளுக்குத் தங்கபுஷ்பம் என்று பெயர் வைத்திருக்கிறேன். என் பெண்டாட்டியின் அக்கா பெயர் அது. மதினியும் அப்படித்தான், கமா போட மாட்டாள்.

பழைய போர்ட்டலில் தங்கபுஷ்பம் வெளுத்து வாங்குவாள். "விடுப்பு விண்ணப்பம், பட்டன். அனுப்பு, பட்டன்" என்று ஒவ்வொன்றாகச் சொல்வாள், பேச்சி தானே அமுக்கிக்கொள்வாள். நான் பக்கத்தில் இருந்து மேற்பார்வை பார்ப்பேன். இன்றைக்குப் புதியதைத் திறந்ததும் தங்கபுஷ்பம் தொண்டையைக் கனைத்தாள்.

"பட்டன். பட்டன். பட்டன். பட்டன்."

அவ்வளவுதான். அதற்குமேல் அந்தம்மாவிடம் சரக்கு இல்லை.

"என்ன மாமா இது? எந்த பட்டன்னு சொல்லவே மாட்டேங்குது?"

நான் பார்த்தேன். ஒன்றிலும் எழுத்து கிடையாது. எல்லாம் உருண்டை உருண்டையாக, கோலிக்குண்டு மாதிரி பளபளவென்று இருந்தன. உள்ளே நுழையவே ஒரு படத்தில் கோணல்மாணலாக எழுத்து போட்டு, அதைப் பார்த்து அடி என்கிறார்கள். படம் என்றால் தங்கபுஷ்பத்துக்கு மூச்சே வராது.

பேச்சி கணினிப் பிரிவுக்குப் போன் போட்டாள். அங்கே அதிகாரி செல்வதாஸ் சார். அவர் விளக்கியதைப் பேச்சி எனக்குச் சொன்னாள்: "கீழ ரெண்டு ரவுண்டு இருக்காம் மாமா. பச்சை அனுப்பும், சிவப்பு அழிக்கும். பக்கத்துக்குப் பக்கம் இடம் மாறுமாம், கலரைப் பார்த்து அமுக்கணுமாம். நீங்கதான் அமுக்கணும்."

இருபதாம் தேதி எட்டயபுரத்தில் சித்தப்பா மகன் கல்யாணம். அதற்கு லீவு. அவள் விவரத்தை அடித்தாள், நான் கோணல் எழுத்தைப் படித்தேன், பச்சையை அமுக்கினேன். ஒரே அமுக்கு.

என் பார்வை கழுகுப் பார்வை. அந்தக் காலத்தில் அரசு பஸ்ஸுக்கு டிரைவர் வேலை கிடைத்திருக்க வேண்டியது. மருத்துவச் சோதனையில் அந்த டாக்டர் புள்ளிப் புள்ளியாகக் கோலம் போட்ட ஒரு புத்தகத்தைக் காட்டி, இதில் என்ன எண் தெரிகிறது என்று கேட்டான். "நான் பஸ் ஓட்ட வந்தேனா, கணக்குப் போட வந்தேனா?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். என் உயரத்தைப் பார்த்து அவனுக்குப் பொறாமை.

ஜூன் 13, வியாழன்

தக்காளிக்கடைக்காரன் ஏமாற்றிவிட்டான். பழம் என்று காயைக் கட்டிவிட்டான். "நீங்கதான பொறுக்கிப் போட்டீங்க?" என்று சீனியம்மாள் கேட்கிறாள். சீனியம்மாள் என் பெண்டாட்டி. எதிர்க்கேள்வி கேட்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

ஜூன் 20, வியாழன்

கல்யாணச் சாப்பாடு பிரமாதம். என் யோசனைப்படிதான் ரசத்தை முதலில் ஊற்றச் சொன்னார்கள். ஊற்றியபின் சண்டை வந்தது வேறு விஷயம்.

ஜூன் 24, திங்கள்

பேச்சிக்கு மெமோ. இருபதாம் தேதி முன்னறிவிப்பு இல்லாமல் வரவில்லை என்று. லீவு விண்ணப்பமே போர்ட்டலில் இல்லையாம்!

இப்படி ஒரு காகிதம் இதுவரை வாங்கியதில்லை அவள். கையில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள். என்ன எழுதியிருக்கிறது என்று நான்தான் படித்துக் காட்டினேன். படிக்கும்போது கடுமையான இரண்டு வரிகளை விட்டுவிட்டேன்.

நேரே செல்வதாஸ் சார் அறைக்குப் போனேன். ஒல்லியான மனிதர், கழுத்தில் அடையாள அட்டை, மேஜையில் ஒரு டப்பா நிறைய முறுக்கு. கதவைத் திறந்த வேகத்தில் முறுக்கு டப்பாவே நடுங்கியது.

"உங்க சர்வர் எங்க லீவைத் தின்னுருச்சு!"

"பெரியவரே, உட்காருங்க. சர்வர் ஒண்ணும் தின்னல. பதினொண்ணாந்தேதி பத்தே முக்காலுக்கு நீக்கியிருக்கு. அவங்க ஐடில இருந்துதான் நீக்கியிருக்கு."

"உங்க கடிகாரம் சரியில்ல."

"கடிகாரம் தப்பா இருந்தாலும் நீக்குனது நீக்குனதுதான பெரியவரே?"

இதற்கு என்னிடம் தகுந்த பதில் இருந்தது. முறுக்கை நீட்டிவிட்டார். நாகரிகம் கருதி வாயை மூடிக்கொண்டேன்.

ஜூன் 26, புதன்

காலையில் பஸ் ஸ்டாப்பில் பேச்சி திடீரென்று கேட்டாள்: "மாமா, நான் கட்டியிருக்கிற சேலை என்ன கலரு?"

"பழுப்பு."

"அத்தை பச்சைன்னாங்க."

"சீனிக்கு என்ன தெரியும்? சாத்தூரிலேயே பெரிய ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவன் நான்."

"எத்தனை நாள் பார்த்தீங்க?"

ஒரு மாதம் என்று சொன்னேன். பதினெட்டு நாள் என்பதைச் சுருக்கமாகச் சொல்வதானால் ஒரு மாதம்தானே. முதலாளிக்கும் எனக்கும் ராசி ஒத்துப்போகவில்லை. ஒரு கல்யாண வீட்டுக்கு முகூர்த்தப் பட்டு எடுத்துக் கொடுத்தேன், வீடு போய்ப் பிரித்துப் பார்த்துவிட்டு ஊரே திரண்டு வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டாருக்குள் ஏதோ பழைய பகை போலிருக்கிறது.

பேச்சி பஸ் வருகிறவரைக்கும் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். சிரிப்பை அடக்குகிறவள் மாதிரி இருந்தது.

ஜூலை 1, திங்கள்

பெரிய செய்தி. உதவிப் பேராசிரியர்கள் இணைப் பேராசிரியர் ஆவதற்கு மனுக் கேட்டிருக்கிறார்கள். கடைசித் தேதி ஜூலை 19. போர்ட்டல் வழியாக மட்டும். காகிதத்தில் கொடுத்தால் வாங்க மாட்டார்களாம்.

பேச்சிக்கு இது வரவேண்டிய பதவி. போன தடவை அழைப்பு வந்தபோது என் அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தாள், பேச்சியால் மனுப்போட முடியவில்லை. அதற்குப் பிறகு அழைப்பே வரவில்லை. அவளுக்குப் பின்னால் சேர்ந்த இரண்டு பேர் மேலே போய்விட்டார்கள். இதையும் விட்டால் அடுத்தது எந்தக் காலமோ.

இவ்வளவு இருக்க, அவள் முதல் வேலையாக என்ன செய்தாள் என்றால், பதிவாளருக்குக் கடிதம் எழுதினாள். போர்ட்டலைத் திருத்தித் தர வேண்டும், ஒவ்வொரு பட்டனுக்கும் பெயர் வேண்டும், கண் தெரியாதவர்களும் தாங்களே பயன்படுத்த வழி வேண்டும், அதற்குச் சட்டமே இருக்கிறது என்று.

எனக்குச் சுருக்கென்றது. "நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது எதுக்குத் தாயி கடுதாசி?"

"நீங்க காய்ச்சல்ல படுத்தா?"

"நான் படுக்க மாட்டேன்."

"என் பாஸ்வேர்டை நீங்க பஸ்ஸில சத்தமாச் சொல்லிப் பாக்குறீங்க மாமா. கண்டக்டருக்கே மனப்பாடமாயிருச்சு."

"மறந்துரக் கூடாதுல்ல?"

"மாமா, லீவு எடுக்குறதா வேண்டாமான்னு நான் யோசிக்கும்போதே உங்களுக்குத் தெரிஞ்சாகணும். எனக்குன்னு ஒரு ரகசியமும் வெச்சுக்க முடியல. மத்தவங்களுக்கு அப்படி இல்லேல்ல?"

ரகசியத்தை வைத்துக்கொண்டு இவள் என்ன செய்யப் போகிறாள்? ராத்திரிச் சோற்றில் உப்பு கூடிவிட்டது. சாப்பிடப் பிடிக்கவில்லை. சீனியம்மாள் உப்பு சரியாகத்தான் இருக்கிறது என்கிறாள்.

ஜூலை 4, வியாழன்

பதிவாளர் அலுவலகத்திலிருந்து பதில். கணினிப் பிரிவின் கருத்தாக எழுதியிருந்தது. நான் வாசித்துக் காட்டினேன், கணீரென்று:

"மேற்படி உதவிப் பேராசிரியருக்கு அவரது மாமா திரு. வெயிலுமுத்து என்பவர் முழுநேரமும் உதவியாக உள்ளதால், போர்ட்டலைப் பயன்படுத்துவதில் சிரமம் ஏதுமில்லை என அறியப்படுகிறது. எனவே மாற்றம் தேவையில்லை."

பல்கலைக்கழகத்தின் ஆவணத்தில் என் பெயர்! திரு. போட்டு! இரண்டாம் தடவையும் வாசித்தேன்.

தலை நிமிர்ந்தபோது பேச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"உங்களைச் சாக்கு வெச்சு என்னை ஓரமாத் தள்ளிட்டாங்க மாமா" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது.

என்னை நல்லவன் என்று நாலு பேர் எழுதினால் இவளுக்கு ஏன் அழுகை வர வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். கோவில்பட்டி ரோட்டில் இறங்க வேண்டியவன் யோசித்துக்கொண்டே இருந்தேன். நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது. அவள்தான், "மாமா, நம்ம ஸ்டாப் போயிருச்சு" என்று சொல்லி இறக்கினாள்.

ஜூலை 9, செவ்வாய்

பேச்சி விடவில்லை. பதிவாளர் அம்மாவை நேரிலேயே போய்ப் பார்த்தாள். நானும் கூடப் போனேன். வெளியில்தான் நின்றேன், ஆனாலும் கதவு வழியாக என் ஆதரவு உள்ளே போயிருக்கும்.

முடிவு இது: பதினெட்டாம் தேதி கூட்டம். பெரிய திரையில் எல்லார் முன்னாலும் பேச்சியின் பதவி உயர்வு மனுவையே அனுப்பிக் காட்ட வேண்டும். பேச்சி அடிப்பாள், மாமா அமுக்குவார். தடங்கல் இல்லாமல் முடிந்தால் போர்ட்டலில் குறையில்லை என்று கோப்பை மூடிவிடுவார்கள். இந்த யோசனையைச் சொன்னது செல்வதாஸ் சார். "பெரியவர் கெட்டிக்காரர்ங்க மேடம்" என்று வேறு சொன்னாராம்.

கேட்டதும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பேச்சி கம்பால் தரையை ஒரு தட்டு தட்டினாள்.

"மாமா, அன்னைக்கு எல்லாம் நல்லபடியா நடந்துட்டா, அதுக்கப்புறம் எனக்கு ஆயுசுக்கும் இதே போர்ட்டல்தான்."

"அப்ப நடக்கலேன்னா?"

"மறுநாள் கடைசித் தேதி. மனுப் போயிரும்."

இரண்டு பக்கமும் இடி. ஆனாலும் ஒருவன் பல்கலைக்கழகமே பார்க்க பச்சையை அமுக்க முடியாமல் நின்றான் என்று பெயர் வரலாமா? அதற்கு நான் இடம் கொடுக்க மாட்டேன்.

ஜூலை 11, வியாழன்

வேகமாக அமுக்குவதற்கு ஓர் உத்தி கண்டுபிடித்தேன். என் சொந்த மூளை. விவரம் வருமாறு.

வீட்டில் பேச்சியின் மடிக்கணினியில் அந்த மனுவின் கடைசிப் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு உருண்டை. கொஞ்ச நேரம் பார்த்தேன். கொஞ்ச நேரம் என்றால் டீ ஆறிப்போகிற நேரம். சீனியம்மாள் பின்னால் வந்து நின்றாள்.

"எது பச்சைனு தெரியலையா?"

"தெரியாமல் என்ன? இரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. இந்த முப்பது வருஷமாக என் சட்டையை அவள்தான் எடுத்து வைக்கிறாள், தக்காளியைத் தவிர மற்றக் காய்கறியெல்லாம் அவள்தான் வாங்குகிறாள், அதைப் பற்றியும் ஒன்றும் சொன்னதில்லை. நெற்றியிலிருந்து ஸ்டிக்கர் பொட்டை எடுத்தாள். திரையில் வலது பக்கத்து உருண்டைக்கு நேராக ஒட்டினாள்.

"பொட்டு இருக்கிற இடத்துல வெச்சு அமுக்குங்க. வேகமா இருக்கும்."

இந்த உத்தியை நான் மனதில் நினைத்துக்கொண்டிருந்தபோதே அவள் கை முந்திக்கொண்டது என்பதைத் தெளிவுபடுத்துகிறேன்.

ஜூலை 13, சனி

ஒத்திகை. பத்துத் தடவை பொட்டைப் பார்த்து மவுஸ் அம்பைக் கொண்டுபோய் நிறுத்தினேன். பத்தும் சரி. அர்ஜுனனுக்குக் கிளியின் கண் தெரிந்த மாதிரி எனக்குப் பொட்டு.

ஜூலை 14, ஞாயிறு

பேச்சி மடிக்கணினியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். கை சட்டென்று நின்றது. விரலால் தடவினாள்.

"மாமா! என் கம்ப்யூட்டருக்குக் கல்யாணம் ஏதும் பேசியிருக்கீங்களா?"

"ஏன் தாயி?"

"பொட்டு வெச்சிருக்கு."

"திருஷ்டிக்கு. அன்னைக்கு எல்லாரும் பார்ப்பாங்கல்ல?"

"திருஷ்டிப் பொட்டு கன்னத்துலதான வெப்பாங்க? இது கீழ வலது மூலையில இருக்கு. பட்டன் இருக்கிற இடத்துல."

அடுப்படியில் சீனியம்மாளுக்கு திடீரென்று இருமல் வந்துவிட்டது. பேச்சி அந்தப் பொட்டின் மேலேயே விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். பிய்த்து எறிந்துவிடுவாளோ என்று பயந்தேன். எறியவில்லை. துணியால் அதைச் சுற்றிச் சுற்றித் துடைத்துவிட்டு மூடி வைத்தாள்.

ஜூலை 18, வியாழன்

இன்றைய நாள் பல்கலைக்கழக வரலாற்றில் என்னால் இடம்பெற்றது. முழுவதையும் எழுதிவிடுகிறேன். கை வலித்தாலும் பரவாயில்லை.

சீனியம்மாள் எடுத்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். கூட்ட அறையில் ஏ.சி. ஐந்நூறு பேர் இருந்தார்கள். நாற்காலி இருபதுதான் என்பதால் மற்றவர்கள் வராமல் இருந்திருக்கலாம். நடுவில் பதிவாளர் அம்மா, மூக்குக்கண்ணாடி நுனியில். பக்கத்தில் செல்வதாஸ் சார்.

பேச்சி தன் மடிக்கணினியைத் திறந்தாள். மனுவின் விவரம் எல்லாம் அவளே மடமடவென்று அடித்தாள். தங்கபுஷ்பம் சத்தமாக வாசித்தாள், ஒரு பேராசிரியர், "இவ்வளவு வேகமாப் பேசுனா எப்படிம்மா புரியுது?" என்று கேட்டார். "எங்க அத்தையோட அக்கா கூடப் பழகிப் பழகிச் சரியாயிருச்சு சார்" என்றாள் பேச்சி. எல்லாரும் சிரித்தார்கள். அறை என் பக்கம் சாய்ந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

கோணல் எழுத்தை நான் படித்தேன். சரி. பக்கம் பக்கமாகப் போய்க் கடைசிப் பக்கம் வந்தது. கீழே இரண்டு உருண்டை. வலதில் என் பொட்டு, சிவப்போ என்னமோ, அது எங்கே ஒட்டியிருக்கிறது என்பதுதான் முக்கியம்.

அப்போது பதிவாளர் அம்மா, "எங்களுக்கு இங்கிருந்து ஒண்ணுமே தெரியலையே" என்றார். பெரிய திரைக்கு வயரை இணைக்க மறந்துவிட்டார்களாம். செல்வதாஸ் சார் ஓடி வந்து வயரைச் செருகினார்.

செருகியதும் படம் ஒரு குதி குதித்தது. திரை முழுக்க ஒரு வினாடி இருண்டு மறுபடி வந்தது. வந்தபோது எழுத்து, உருண்டை எல்லாம் கொஞ்சம் பருத்து, வலப்பக்கம் நகர்ந்திருந்தது. பொட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. பொட்டுக்கு அடியில் ஓர் உருண்டையும் இருந்தது. பிறகென்ன?

"அமுக்குங்க பெரியவரே" என்றார் செல்வதாஸ் சார்.

பேச்சி என் பக்கம் திரும்பினாள். "மாமா" என்றாள் மெதுவாக. அதற்குமேல் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள்.

அமுக்கினேன்.

தங்கபுஷ்பம் இதற்கு மட்டும் வாயைத் திறந்தாள். கணீரென்று அறை முழுக்கக் கேட்கிற மாதிரி: "உங்கள் விண்ணப்பம் நீக்கப்பட்டது."



"ஐயோ, அது சிவப்புங்க!" என்று கத்தினார் செல்வதாஸ் சார். "பெரிய திரையில பளிச்சுனு சிவப்பாத் தெரியுதே! பச்சை இந்தப் பக்கம்ல இருக்கு!"

பதிவாளர் அம்மா கண்ணாடியை மேலே ஏற்றினார். "கேக்காமலேயே அழிச்சிருமா? நிச்சயமான்னு ஒரு வார்த்தை கேக்காதா?"

"அது... வேகத்துக்காக, மேடம்."

"மனுவைத் திருப்பி எடுக்க முடியுமா?"

"முடியாதுங்க மேடம்."

எல்லாருடைய கண்ணும் என் மேல். எனக்குக் காது அடைத்துப்போனது. ஏ.சி.யின் கோளாறு. எழுந்தேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டேன்.

"தெரிஞ்சுதாம்மா அமுக்குனேன்! உங்க போர்ட்டலோட லட்சணம் இதுதான்னு எடுத்துக்காட்டுறதுக்காக அமுக்குனேன்!"

பதிவாளர் அம்மா எழுந்து மடிக்கணினிப் பக்கம் வந்தார். குனிந்து பார்த்தார். "இது என்ன பொட்டு?"

நான் வாயைத் திறப்பதற்குள் பேச்சி எழுந்துவிட்டாள்.

"மேடம், எங்க மாமாவுக்கு நல்லாக் கண் தெரியும். அவருக்கே பொட்டு வெச்சாத்தான் இந்தத் தளத்துல எது எந்த பட்டன்னு தெரியுது. எனக்குத் தங்கபுஷ்பம்... அதாவது இந்தக் குரல், ஒரு பட்டனைக்கூடச் சொல்லல. ஒரு மாசமா இந்தப் போர்ட்டல்ல என் கைக்குத் தட்டுப்பட்ட ஒரே பட்டன் அந்தப் பொட்டுதான் மேடம்."

 பின்வரிசையில் இருந்த கணக்குப் பிரிவு கண்காணிப்பாளர் தொண்டையைச் செருமினார். "மேடம், போன வாரம் நானும் என் மெடிக்கல் லீவை அழிச்சிட்டேன். வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு. எனக்கு இந்தச் சிவப்பு, பச்சை..." என்று இழுத்தார். பெரிய மீசை வைத்த ஆள். அப்படிப்பட்டவரே எனக்கு ஆதரவாகப் பேசினார்.

பதிவாளர் அம்மா பொட்டின் மேல் விரலை வைத்தார். கண்ணை மூடிப் பார்த்தார். திறந்தார்.

"செல்வதாஸ், எல்லா பட்டனுக்கும் பேர் எழுதுங்க. அழிக்கிறதுக்கு முன்னாடி கேக்கணும். உள்ள நுழையுறதுக்குப் படம் வேண்டாம், வேற வழி பண்ணுங்க. பேச்சியம்மாள் தானே உட்கார்ந்து, தானே அனுப்பி, சரின்னு சொல்ற வரைக்கும் இந்த மனுவுக்குக் கடைசித் தேதி கிடையாது. யாருக்குமே கிடையாது."

பிறகு பேச்சியிடம், "எல்லாத்தையும் மறுபடி அடிக்கணுமேம்மா?" என்றார்.

"இல்ல மேடம். நேத்தே எல்லாத்தையும் தனியா அடிச்சு ஒரு நகல் எடுத்து வெச்சிட்டேன்."

"நல்ல வேளை. எதுக்கு எடுத்தீங்க?"

"மாமாதான் அமுக்கப் போறார்னு தெரியும்ல மேடம்."

எதை மனதில் வைத்து அப்படிச் சொன்னாளோ, விளங்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.   நான் பேசாமல் வருவதைப் பார்த்துக் கண்டக்டர் இரண்டு தடவை வந்து உடம்புக்கு என்ன என்று கேட்டான்.

"மாமா, வேணும்னேதான் அமுக்குனீங்களா?"

"பின்னே?"

"சரி."

சாத்தூர் நெருங்கும்போது என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். "ரொம்ப நன்றி மாமா" என்றாள். பஸ் குலுங்கியதால் நான் எதிர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஜூலை 19, வெள்ளி

சீனியம்மாள் பொட்டைத் திரும்பக் கேட்டாள். பேச்சி தரவில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

செல்வதாஸ் சார் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். போனால் எனக்காக நாற்காலி, டீ, முறுக்கு.

"அண்ணாச்சி, வாங்க" என்றார். பெரியவர் போய் அண்ணாச்சி ஆகிவிட்டேன். பதவி உயர்வு எனக்குத்தான் முதலில் வந்திருக்கிறது.

திருத்திய போர்ட்டலைக் காட்டினார். ஒவ்வொரு பட்டனிலும் எழுத்து. அனுப்புவது சதுரம், அழிப்பது ஓரமாக, தனியாக, கீழே. அமுக்கினால் "நிச்சயமாக அழிக்கவா?" என்று கேட்கிறது. பேச்சி மூன்று நாளாக அவர் கூடவே உட்கார்ந்து, தங்கபுஷ்பம் எதைச் சொல்கிறாள், எதை முழுங்குகிறாள் என்று ஒவ்வொன்றாகத் திருத்த வைத்திருக்கிறாள். நேற்றைக்கு அவரைக் கண்ணை மூடிக்கொண்டு லீவு போடச் சொன்னாளாம். மத்தியானம் வரை போட்டாராம்.

"எனக்கு உங்க உதவி வேணும் அண்ணாச்சி. இனி எந்தப் பக்கம் போட்டாலும் முதல்ல உங்ககிட்டதான் காட்டணும்னு பேச்சியம்மா மேடம் சொல்லியிருக்காங்க. எந்தக் கலரும் எந்தக் கலரும் ஒரே மாதிரி தெரியுதுன்னு நீங்க சொன்னாப் போதும்."

"ஏன், நான் எதுக்கு?"

அவர் முறுக்கை உடைத்தார். முறுக்கைப் பார்த்தபடியே சொன்னார்: "கலர் விஷயத்துல உங்க அளவுக்கு இந்தப் பல்கலைக்கழகத்துல வேற யாருக்கும் அனுபவம் கிடையாது அண்ணாச்சி. கணக்குப் பிரிவு கண்காணிப்பாளர் இருக்காரு, ஆனா அவரு பேச மாட்டேங்கிறாரு."

நியாயமான பேச்சு. ஒப்புக்கொண்டேன். ஒரு பக்கத்தில் இரண்டு கட்டம் காட்டினார், இரண்டும் எனக்கு ஒரே மாதிரி இருந்தன. சொன்னேன். உடனே மாற்றினார். இன்னொன்று காட்டினார், அதுவும் அப்படியே. சொன்னேன். மாற்றினார். நான் வாயைத் திறந்தால் ஒரு பல்கலைக்கழகமே நிறம் மாறுகிறது!

இன்று முதல் நான் வைப்பாறு பல்கலைக்கழகத்தின் வண்ண ஆலோசகர். ஜவுளிக்கடை முதலாளி உயிரோடு இருந்தால் போய்ச் சொல்லிவிட்டு வருவேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

பேச்சி மனுப்போட்டாள். அறையில் அவளும் தங்கபுஷ்பமும் மட்டும். நான் கதவருகே நின்றேன்.

"மாமா, நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க" என்றாள்.

"நான் இருக்கேன். எதுக்கும் ஒரு ஆள்..."

"மாமா."

போனேன். கதவைச் சாத்தும்போது உள்ளே தங்கபுஷ்பத்தின் குரல் கேட்டது. "பெயர். பணியில் சேர்ந்த நாள். ஆய்வுக் கட்டுரைகள்." நிறுத்தாமல் போய்க்கொண்டே இருந்தாள். பிறகு, "விண்ணப்பத்தை அனுப்பு, பட்டன்."

கேன்டீனில் இரண்டு டீ சொன்னேன். "கூட யாரு அண்ணாச்சி?" என்று கேட்டான் பையன். ஒன்று எனக்கு, ஒன்று தங்கபுஷ்பத்துக்கு என்றேன். எதிரியாக இருந்தாலும் உழைப்பை மதிக்க வேண்டும். இரண்டையும் நானே குடித்தேன். இரண்டாவதில் சர்க்கரை குறைவு.

திரும்பி வந்தபோது அவள் கம்பை எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றாள்.

"என்ன எழுதுனே மனுவுல?"

"அது ரகசியம் மாமா" என்றாள். அந்த வார்த்தையைப் பலகாரம் மாதிரி மென்று சொன்னாள்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

சந்தைக்குப் பேச்சியும் வந்தாள். தக்காளிக்கடையில் நான் குனிந்து ஒன்றை எடுத்தேன். அவள் என் கையிலிருந்து அதை வாங்கி, இரண்டு விரலால் லேசாக அமுக்கினாள். கூடையில் திருப்பிப் போட்டாள். வேறொன்றை எடுத்து அமுக்கிப் பார்த்து, மோந்து பார்த்து, என் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதை அமுக்குங்க மாமா. லேசா. இந்த அளவுக்குக் குழையணும். இதுக்குக் கலரே பாக்க வேண்டாம்."

"எனக்குத் தெரியாதா? உன்னைச் சோதிச்சேன்."

"தெரியும் மாமா. ரொம்ப வருஷமாச் சோதிக்கிறீங்க."

இருவரும் அமுக்கி அமுக்கி ஒரு கூடை எடுத்தோம். கடைக்காரன், "அண்ணாச்சி, பழத்தை எல்லாரும் சேர்ந்து கொழுக்கட்டை பிடிக்கிறீங்களா?" என்று சண்டைக்கு வந்தான். அவனுக்கு நான் யார் என்று தெரியாது. வண்ண ஆலோசகர் என்று சொல்லியிருந்தால் காலில் விழுந்திருப்பான். சொல்லவில்லை.

வீட்டில் சீனியம்மாள் பையைக் கவிழ்த்தாள். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"என்னங்க இது, எல்லாமே பழமா இருக்கு?"

"பின்னே? என் பார்வை கழுகுப் பார்வை" என்றேன்.

அத்தையும் மருமகளும் சிரிக்க ஆரம்பித்தவர்கள், நான் இதை எழுதி முடிக்கிற இந்த நேரம் வரைக்கும் நிறுத்தவில்லை.